யானைக்கு ஒரு மெழுகுதிரி

நேற்று வேலையிடத்தில் அன்யா எனக்கு ஒரு வாழ்த்து அட்டை தந்தாள். நீ போன பிறகு முதியோர் இல்லத்தில் உன் இடத்துக்கு வந்த சின்னப் பெண் அவள். இலங்கைக்கு விடுமுறை போய்த் திரும்பியிருக்கிறாள். மூக்கு நுனி இன்னும் வெயிலில் உரிந்துகொண்டிருக்கிறது. "உன் நாட்டிலிருந்து" என்று சொல்லித் தந்தாள். தடித்த, சொரசொரப்பான கடதாசி. யானைச் சாணத்தில் செய்ததாம். நான் முகத்தைச் சுளிப்பேன் என்று எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். ஒரு மணமும் இல்லை. கழுவி, அவித்து, வெளுத்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

பிறகு போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒரு குளம், குளத்தைச் சுற்றி ஜீப்புகள், ஜீப்புகளுக்கு நடுவே ஒரு தாய் யானையும் குட்டியும். "எவ்வளவு சாந்தம், பார்!" என்றாள். தாயின் வால் விறைத்து நின்றதையும், காதுகள் விரிந்திருந்ததையும் நான் பார்த்தேன். இவற்றையெல்லாம் பார்க்கப் பழக்கியவள் நீதான். "வடிவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பத்தாம் அறைத் தாத்தாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னோடு கதைத்துக்கொண்டேயிருக்கிறேன். வாயால் கதைத்தால் என் பிள்ளைகள் பயப்படுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் முதியோர் பராமரிப்புக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கிய வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். நான் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிள்ளை. கோயில் சுவரில் சுதையாக நிற்கும் யானையைத் தவிர வேறு யானை கண்டதில்லை. நீ வன்னியில் காட்டோரக் கிராமம். முதல் நாள் இடைவேளையில், "உங்கட பக்கம் யானை வருமோ?" என்று கேட்டேன். நீ பாண் துண்டைக் கடித்தபடியே சொன்னாய்: "வருமோ எண்டு கேளாதை. போகுமோ எண்டு கேள்."

போரில் உன் ஊரே எழும்பி ஓடியது. உன்னை மாமாவோடு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்த கொட்டில்களிலேயே முடிந்துபோனார்கள். மிஞ்சியது உன் தம்பி குகன் மட்டும். போர் முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, அவன் மனைவி பிள்ளைகளோடு அப்பாவின் காணிக்குத் திரும்பிப் போனான். வீடு இருந்த இடத்தில் மரங்கள் நின்றன. கிணற்றுக்குள் வேர் இறங்கியிருந்தது. வயல் வரம்பே தெரியவில்லை. ஆட்கள் இல்லாத அந்த வருடங்களில் யானைகள் அந்த ஊரைத் தங்களுடையதாக்கியிருந்தன. குகன் காட்டை வெட்டினான், நெல் விதைத்தான், கச்சான் கடலை போட்டான். விளையும் காலத்தில் யானைகள் வந்தன.

"அதுகளும் எங்களை மாதிரித்தான்" என்றாய் ஒருநாள். "இருந்த காட்டை வெட்டிப்போட்டாங்கள். போக இடமில்லாமல் வந்ததுகள். இப்ப நாங்கள் போய் எழும்பு எண்டால் எங்கை போகும்?"

இப்படிச் சொல்லிக்கொண்டே அடுத்த நிமிடம் தம்பியின் வயலை நினைத்துக் கைகளைப் பிசைவாய். உனக்கு இரண்டு பக்கமும் வலித்தது. ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறவர்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் கண்டேன்.

யானைப் பாதுகாப்புச் சங்கத்தின் சுவரொட்டியை நீ நூலகத்தில் கண்டாய். தேவாலயத்து மண்டபத்தில் மாதமொருமுறை கூடுகிறார்கள், ஆசிய யானைகளைப் பற்றிப் படம் காட்டிப் பேசுகிறார்கள் என்று போட்டிருந்தது. "என்ரை ஆக்களைப் பற்றிக் கதைக்கினம். போகாமல் இருக்க ஏலுமே?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கோப்பி, வீட்டில் சுட்ட கேக், யானைப் படம் போட்ட சட்டைகள். தலைவர் ஹெர் வெபர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மென்மையான குரல், மென்மையான கைகள். நீ இலங்கைக்காரி என்று தெரிந்ததும் உன்னை முன்வரிசையில் இருத்தினார்கள். உன் பெயரை மட்டும் கடைசி வரைக்கும் அவர்களில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. நீயும் திருத்தவில்லை.

அங்கே நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் வாங்க உதவுகிற சங்கம், தம்பியின் ஊரைச் சுற்றி ஒரு மின்வேலி போட உதவக்கூடாதா? தொட்டால் சுள்ளென்று சுடும், ஆனால் கொல்லாது. யானையும் தப்பும், வயலும் தப்பும். நீ அதை எவ்வளவு அழகான ஜெர்மனில் விளக்கினாய்! ஹெர் வெபர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாங்கள் விலங்குகளுக்கான சங்கம், அன்புள்ளவளே. மனிதர்களுக்கு வேறு சங்கங்கள் இருக்கின்றன" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நீயும் தலையாட்டினாய்.

ஆனாலும் நீ விடவில்லை. கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று நம்பினாய். சங்கம் இலங்கைக்குச் சுற்றுலா ஒழுங்குசெய்தபோது, கடைசியில் ஒரு நாள் தம்பியின் ஊருக்கு வரச் சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வைத்தாய். நானும் லீவு போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் சரணாலயம். ஜீப்பில் நின்றபடி ஜெர்மன்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு குட்டி மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டபோது உர்சுலாவுக்குக் கண்ணீர் வந்தது. உர்சுலாவை உனக்கு நினைவிருக்கும்; நீ மறக்கக்கூடிய ஆளா அவள்! பெரிய குரல், பெரிய தொப்பி, எதற்கெடுத்தாலும் போனைத் தூக்கிப் படம்பிடிப்பவள். எங்கள் ஜீப்புக்குப் பின்னாலும் முன்னாலும் வேறு ஜீப்புகள் முண்டிக்கொண்டு வந்து, யானைகளுக்குத் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் போயிற்று. நீ சாரதியின் தோளில் தட்டி, "அண்ணை, பின்னாலை எடுங்கோ. தாய்க்குக் கோவம் வருது" என்றாய். அவர் சிங்களவர், தமிழ் விளங்கவில்லை. உன் கை விளங்கியது. பின்னால் எடுத்தார். "ஏன் எடுத்தார்? நல்ல இடமல்லவா?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் குகனின் வீடு. அவன் மனைவி எல்லாருக்கும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். குகன் வெட்கத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயல் பொன்னிறமாய் நின்றது. அறுவடைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாலை வெயில் சாயும் நேரம் காட்டோரத்தில் ஒரு தனியன் வந்து நின்றது. கூட்டத்தோடு சேராத பெரிய ஆண் யானை. இடது காது கிழிந்திருந்தது. "இவர்தான் போன முறையும் வந்தவர்" என்றான் குகன்.

அது வயலுக்குள் இறங்கியது. அயலட்டைச் சனமெல்லாம் ஓடிவந்து கூக்குரல் போட்டார்கள், தகரத்தில் அடித்தார்கள், யானை வெடி கொளுத்தினார்கள். அது அசையவில்லை. நெல்லைக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாகத் தின்றது. குகன் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளியை எடுத்துக்கொண்டு ஓடினான். கிட்டப் போய் எறிந்தான். யானை ஒருமுறை பிளிறித் திரும்பிக் காட்டுக்குள் போனது.

"அவன் அதைச் சித்திரவதை செய்கிறான்!" என்று உர்சுலா கத்தினாள். போன் அவள் கையில் உயர்ந்திருந்தது.

"அது அவர்களுடைய ஒரு வருடச் சோறு" என்றாய் நீ.

"யானைதானே இங்கே முதலில் இருந்தது!"

நீ கையை நீட்டி, முற்றத்து மூலையில் புல் மூடிக் கிடந்த கிணற்றைக் காட்டினாய். "அது என் அப்பா வெட்டிய கிணறு. நான் அதில் குளித்திருக்கிறேன். நாங்கள் உயிர் தப்பி ஓடிய பிறகுதான் யானை வந்தது. யானை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யார் முதலில் என்று நீ எனக்குச் சொல்லாதே."

சாப்பிட்ட தட்டுகளைக் குகனின் மனைவி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் ஜெர்மனி திரும்புவதற்குள் அந்தக் காணொளி சங்கத்தின் பக்கத்தில் ஏறிவிட்டது. நெல்லுமில்லை, கிணறுமில்லை. கொள்ளியோடு ஓடும் ஒருவன், பிளிறும் யானை, அவ்வளவுதான். கீழே கொட்டிக்கிடந்த வசைகளை நீ ஒவ்வொன்றாக வாசித்தாய். "போதும், வை அதை" என்று நான் பறிக்க வேண்டியிருந்தது. ஹெர் வெபரைக் கூப்பிட்டாய். "முகம் தெளிவாக இல்லையே" என்றார் அவர். தெளிவாகவே இருந்தது. நீ கெஞ்சிக் கெஞ்சி, அவர் யோசித்து யோசித்து அதை நீக்கியபோது, அது எத்தனையோ பேருடைய பக்கங்களுக்குப் போய்விட்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து, காது கிழிந்த அந்தத் தனியன் வேறொருவருடைய வயல் வேலியோரம் செத்துக் கிடந்தது. யாரோ மின்கம்பத்திலிருந்து களவாகக் கம்பி இழுத்திருந்தார்கள். சுடுகிற வேலியல்ல, கொல்லுகிற வேலி. விசாரிக்க வந்தவர்களுக்கு யாரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் கையிலிருந்த போனில் உன் தம்பி கொள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

செய்தி வந்தபோது நீ இல்லத்தில் ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக் கேட்டாய், வைத்தாய். அந்த அம்மாவுக்கு முதுகு துடைத்து, உடுப்புப் போட்டு, தலை வாரி, கதிரையில் இருத்திவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தாய். "குகனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றாய். உன் கை இன்னும் ஈரமாக இருந்தது.

அவன் விளக்கமறியல் சிறையில் கிடந்த காலம் முழுக்க நீ கதவு தட்டினாய். அந்தக் காணொளி யானை சாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பு எடுத்தது என்று சங்கம் ஒரு வரி சொன்னால் போதும் என்றார் குகனின் வக்கீல். நிர்வாகக் குழு கூடியது. வேறொரு நாட்டின் வழக்கில் தலையிடுவதில்லை என்று தீர்மானித்தது. ஹெர் வெபர் அதை உன்னிடம் சொல்லும்போது உன் தோளில் கைவைத்திருந்தாராம்.

ஊன்ட்றொப்பில் தமிழர் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போய் எங்கள் சனத்திடமும் கேட்டாய். குகனுக்காக ஒரு விண்ணப்பம், கையொப்பம் வைக்கச் சொல்லி. வெயிலில், கச்சான் கடைகளுக்கு நடுவே நீ ஆள் ஆளாய் மறித்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "பாவம் தான் பிள்ளை. ஆனால் நாங்கள் வருசா வருசம் ஊருக்குப் போய் வாற ஆக்கள். எயார்போட்டிலை பிடிச்சால் என்ன செய்யிறது?" என்றார் ஒருவர். இன்னொரு அக்கா கர்ப்பூரத் தட்டைக் கையில் பிடித்தபடி, "யானை பிள்ளையாரெல்லோ. அந்தப் பாவத்துக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது" என்றாள். நீ அவளுக்கும் "சரி அக்கா, பறவாயில்லை" என்றாய்.

அந்த வாரம்தான் சங்கம் செத்த யானைக்காக நகரச் சதுக்கத்தில் அஞ்சலி வைத்தது. போகாதே என்றேன். போனாய். நானும் பின்னால் வந்தேன். யானையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். கடைசி வரிசையில் நின்ற உன்னிடம் யாரோ ஒரு மெழுகுதிரியை நீட்டினார்கள். நீ வாங்கினாய். பக்கத்தில் நின்றவரின் சுடரில் பற்றவைத்து, காற்றுக்கு அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றாய்.

எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. "ஏன்டி வாங்கினனீ? உன்ரை தம்பியை உள்ளுக்குப் போட்ட ஆக்களின்ரை மெழுகுதிரியை?"

"இது யானைக்கு" என்றாய். "அது என்ன பிழை செய்தது? பசிச்சது, தின்ன வந்தது. அதுக்காகவும் நான் அழுதனான். இவையளுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்."

கடைசியில் உதவியது யார் தெரியுமா என்று நீயே பிறகு பிறகு கேட்டுச் சிரிப்பாய். உர்சுலா. சங்கத்தோடு சண்டைபிடித்துக்கொண்டு, ஒருநாள் காலையில் உன் வாசலில் வந்து நின்றாள். அன்று தொப்பி இல்லை. "நான்தான் எடுத்தேன். நானே போய்ச் சொல்கிறேன்" என்றாள். சொன்னதுபோலவே இலங்கைத் தூதரகத்துக்குப் போனாள், சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தாள், எடுத்த நாள் தெரியும்படி மூலக் காணொளியையும் கொடுத்தாள். அது வக்கீலின் கைக்குப் போன பிறகுதான் குகனுக்குப் பிணை கிடைத்தது. வழக்கும் மெல்ல மெல்லச் செத்தது. மென்மையான குரல்காரர் கைவிட்டார், கத்தினவள் கை கொடுத்தாள். உலகம் இப்படிக் குழப்பமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரையும் ஒன்றாக வெறுக்க முடிந்தால் எவ்வளவு லேசாக இருக்கும்!

ஆனால் குகன் வெளியே வந்தபோது அவனுக்குத் திரும்பிப் போக ஒன்றும் இருக்கவில்லை. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். காவல் இல்லாத வயலை யானைகள் தின்று, மிதித்து, குடிசையையும் சரித்துவிட்டிருந்தன. அவன் அந்தக் காணிக்குத் திரும்பவில்லை. நீ கேட்ட வேலி மட்டும் இருந்திருந்தால் யானையும் நின்றிருக்கும், குகனும் நின்றிருப்பான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபத்துக் கேக்கின் இனிப்பு நாக்கில் வரும்.

அதன் பிறகு நோய் உன்னிடம் வந்தது. அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடைசி மாதத்தில் ஹெர் வெபர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூங்கொத்து, புது வருட யானை நாட்காட்டி. கட்டிலோரம் இருந்து உன் கையைத் தடவி, "நீ எங்கள் சங்கத்தின் இதயம்" என்றார். நீ மெல்லிய குரலில், "என் தம்பியின் பெயர் என்ன?" என்று கேட்டாய். கோபமில்லாமல்தான் கேட்டாய்; அறிய விரும்புகிறவள் போலக் கேட்டாய். அவருக்குத் தெரியவில்லை. உனக்குக் களைப்பாக இருக்கும் என்று சொல்லி எழும்பிப் போனார். நாட்காட்டியை நான் தாதியரின் அறையில் வைத்துவிட்டு வந்தேன். உன் தகனத்தன்று உர்சுலா கடைசி வரிசையில் தனியே இருந்தாள். என்னிடம் வந்து குகனின் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

போன மாதம் சங்கத்திலிருந்து எனக்கு அழைப்பு. புதிதாக ஒரு குட்டியைத் தத்தெடுத்திருக்கிறார்களாம். அதற்கு உன் பெயரை வைக்க விரும்புகிறார்களாம். "அவளுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்!" என்றார் ஹெர் வெபர். பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். சொன்னார். வழக்கம்போலப் பிழையாக. "அப்படி ஒருத்தி இருக்கவில்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன். உனக்குப் பிடித்திருக்காது. "பாவம், வயசு போன மனுசன்" என்று என்னைத்தான் ஏசியிருப்பாய். ஏசு. எனக்கு உன் மனம் இல்லை.

குகனோடு ஞாயிறுகளில் கதைக்கிறேன். அவன் இப்போது தெற்கில், சரணாலயமொன்றில் ஜீப் ஓட்டுகிறான். முதலில் கேட்டபோது நம்ப முடியவில்லை. "வேறை என்ன வேலை எனக்குத் தெரியும், அக்கா? யானை எப்ப எங்கை வரும் எண்டு தெரியும். அதுக்குத்தான் சம்பளம்" என்றான். வெள்ளைக்காரர்கள் அவனைக் கேட்பார்களாம், உனக்கு யானைகளைப் பிடிக்குமா என்று.

"என்ன சொல்லுவாய்?"

"ஓம் எண்டுதான். அவை காசு குடுத்து வந்த ஆக்கள், என்னத்துக்குக் குழப்புவான்? ஆனா அக்கா, நான் கிட்டக் கொண்டுபோறேல்லை. தூரத்திலை நிப்பாட்டிப்போடுவன். ஏசுவினம். முதலாளியும் ஏசுறவர். ஏசட்டும்."

அவன் சொன்ன விதத்தில் உன் குரல் இருந்தது.

உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சிய ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குகனின் வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் மாலை, மற்றவர்கள் விடுதி நீச்சல் தடாகத்தில் இருந்தபோது, நீ என்னை மட்டும் ஓர் ஊர்க்குளத்துக் கட்டுக்குக் கூட்டிப்போனாய். ஜீப் இல்லை, வேலி இல்லை. காற்று எங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் பார்த்து இருத்தினாய். முதலில் மணம் வந்தது. ஈரப் புல்லும் சேறும் மூத்திரமும் கலந்த, கனத்த, உயிருள்ள மணம். பிறகு அவை வந்தன. கூட்டமாக, சத்தமே இல்லாமல். அவ்வளவு பெரிய உடம்புகள் அவ்வளவு மெதுவாக மண்ணில் கால் வைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. புல்லைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ பழைய துணியைக் கிழிப்பதுபோல. என் உடம்பு நடுங்கத் தொடங்கியது. "பயமா இருக்கடி" என்றேன். நீ என்னைத் தேற்றவில்லை.

"பயப்பிடு" என்றாய். "நல்லாப் பயப்பிடு. பயப்பிடாமல் பாக்கிறவைக்கு இது வெறும் படம்."

நான் பயந்துகொண்டே பார்த்தேன். ஒரு கிழப் பெண் யானை தலையை உயர்த்தி, தும்பிக்கையால் காற்றைத் துழாவி, எங்கள் பக்கம் திரும்பி நின்றது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்போதுதான் கவனித்தேன், உன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.